இடம் மாறிய 'டு'

ஆங்கில வாக்கியத்தை ப்ரிபொசிஷனில் முடிக்கக் கூடாது என்று வகுப்பில் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் ஏராளம். 'ஹூ ஆர் யூ டாக்கிங் டு?' என்று எழுதினால் சிவப்பு மை. 'டு ஹூம் ஆர் யூ டாக்கிங்?' என்றால் முழு மதிப்பெண். இந்த விதியின் வேரைத் தேடி முதலில் நான் புரட்டியது ரென் அண்ட் மார்ட்டின். தமிழ்நாட்டு வீடுகளில் அண்ணனிடமிருந்து தம்பிக்குக் கைமாறி வந்த அந்த இலக்கணப் புத்தகத்தில் விதி கட்டாயம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. ப்ரிபொசிஷன் கடைசியிலும் வரும் என்று எடுத்துக்காட்டுகளோடு ஒப்புக்கொள்கிறது அது.

1926-இல் வந்த தன் ஆங்கிலப் பயன்பாட்டு அகராதியில் ஹென்றி ஃபவுலர் இதை மூடநம்பிக்கை என்றே எழுதிவிட்டார். அப்படியென்றால் அதற்கு வெகுகாலம் முன்பே விதி வேர்விட்டிருக்க வேண்டும்.

வழக்கமாகப் பழி விழுவது ராபர்ட் லவுத் மீது. பின்னாளில் லண்டன் பிஷப்பான இவர், 1762-இல் தன் பெயரைப் போடாமல் ஒரு சிறிய இலக்கண நூலை வெளியிட்டார். அதில் உள்ள பத்தியைப் படித்தவர்கள் அவர்மேல் பழிபோட மாட்டார்கள். ப்ரிபொசிஷனைக் கடைசியில் வைப்பது ஆங்கிலத்தின் போக்கு. பேச்சுக்கும் எளிய எழுத்துக்கும் அது பொருந்தும். கம்பீரமான நடைக்கு மட்டும் முன்னால் வைப்பது அழகு. லவுத் சொன்னது இவ்வளவுதான். அதைச் சொல்லும் இடத்திலேயே ஒரு 'டு'வைக் கடைசியில் நிறுத்தியும் காட்டுகிறார்!

அந்த 'டு'வுக்கு நேர்ந்ததுதான் என்னை உலுக்கியது. அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தின் யார்க் நகருக்கு அருகே குடியேறிய லிண்ட்லி மர்ரே, அங்கிருந்த பெண்கள் பள்ளிக்காக எழுதிய இலக்கணத்தை 1795-இல் வெளியிட்டார். லவுத்தின் கருத்தை ஏறக்குறைய அவர் சொற்களிலேயே எடுத்துக்கொண்டார். 'டு' மட்டும் சத்தமில்லாமல் முன்னால் நகர்ந்துவிட்டது. பரிந்துரையாக இருந்தது கட்டளையாக இறுகிய இடம் இதுதான் என்பேன். மர்ரேயின் புத்தகம் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் பதிப்பு மேல் பதிப்பு கண்டது.

ஆனால் லவுத்துக்கும் முன்னோடி உண்டு: கவிஞர் ஜான் டிரைடன். 1672-இல் வெளியான கட்டுரையொன்றில், தனக்கு முந்தைய தலைமுறை நாடகாசிரியர் பென் ஜான்சனின் மொழியில் அவர் குற்றம் கண்டுபிடித்தார். ஜான்சனின் ஒரு வரி 'ஃப்ரம்' என்று முடிந்தது உறுத்தியிருக்கிறது. அதே குறை தன் எழுத்திலும் இருப்பதை உடனே ஒப்புக்கொண்டார். அதோடு நிற்கவுமில்லை. 1668-இல் வந்த தன் நாடகக் கவிதை பற்றிய கட்டுரையை 1684-இல் மறுபதிப்புக்குக் கொடுத்தபோது, வாக்கியம் வாக்கியமாகத் திருத்தினார். 'நான் வாழும் காலம்' என்று பொருள் தரும் தொடரில் கடைசியில் இருந்த 'இன்', 'விச்'சுக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. இரண்டு பதிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முதல் பதிப்பின் வாக்கியங்களில்தான் பேச்சின் உயிர் இருக்கிறது. ஒரு பெரிய உரைநடைக்காரர் தன் காதை நம்பாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான். தன் ஆங்கிலம் சரியா என்ற ஐயம் வந்தால் அதை லத்தீனில் பெயர்த்துப் பார்ப்பதாக டிரைடனே எழுதியிருக்கிறார். லத்தீனில் ப்ரிபொசிஷனை அப்படித் தனியே பின்னால் விட முடியாது.

தேடல் டிரைடனோடு முடியவில்லை. 1646-இலேயே ஜோஷுவா பூல் என்பவர், ப்ரிபொசிஷன் தனக்குரிய சொல்லுக்கு முன்னால் வருவதே இயல்பான வரிசை என்று எழுதிவிட்டார். அவருடைய நூல் ஆங்கிலத்தைச் செம்மைப்படுத்த எழுதப்பட்டதல்ல. ஆங்கிலத்தின் துணையோடு மாணவர்களுக்கு லத்தீனைச் சீக்கிரம் கற்றுக்கொடுக்க எழுதப்பட்டது.