ஒரு மாரிக்கு ஒரு பக்கம்

பழைய வீட்டின் வெளிப்புறத்துக்கு என்ன செய்யவேண்டும் என்று ஓகஸ்ற் மாதத்தில் கேட்காதீர்கள். ஓகஸ்றில் மானிப்பாயில் எல்லாச் சுவரும் நல்ல சுவர்தான். சோளகம் அடித்து ஈரம் வற்றியிருக்கும். பாசி கருகி உதிர்ந்திருக்கும். உப்புப் பூத்த இடங்களைக்கூட விளக்குமாற்றால் தட்டிவிடலாம். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்கள் அந்த நேரம் பார்த்துத்தான் வருகிறார்கள். லீவு முடிவதற்குள் பெயின்ற் அடித்து, முற்றத்துக்குக் கல் பதித்து, வேலியைப் பிடுங்கி மதில் எழுப்பி, படமும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கார்த்திகையில், வீட்டைப் பார்க்க விட்டுப்போன சொந்தக்காரர் வட்ஸ்அப்பில் வேறு படம் அனுப்புவார்.

எங்கள் வீடு அப்பப்பா மலாயா றெயில்வேயில் உழைத்து அனுப்பிய காசில் எழும்பியது. மானிப்பாயில் அப்படி எழும்பிய வீடுகள் பல. காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல்தான் வந்தது. அதற்கு முந்திய எங்கள் வீட்டின் சுவர் சுண்ணாம்புக்கல், சாந்தும் சுண்ணாம்பு. கூரையில் பனைமரச் சலாகை, மேலே ஓடு. படிப்பித்து ஓய்வுபெற்ற பிறகு இந்த வீட்டின் வெளிப்பக்கத்தை நான் கையில் எடுத்தேன். ஒரு மாரிக்கு ஒரு பக்கம் என்பதுதான் கணக்கு. முதலில் மழையில் பார்ப்பது, பிறகு கோடையில் செய்வது, அடுத்த மாரியில் செய்ததைச் சரிபார்ப்பது. ஒரு பக்கம் தேறினால்தான் மறுபக்கம். காசு குறைவு என்பதும் ஒரு காரணம்தான், மறைக்கவில்லை. ஆனால் காசு இருந்திருந்தாலும் இப்படித்தான் செய்திருப்பேன்.

மாரியில் பார்ப்பது என்றால் குடையோடு வீட்டைச் சுற்றி நடப்பது. கூரைத் தண்ணீர் எந்த இடத்தில் விழுகிறது, விழுந்தது எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது, தெறிக்கும் சேறு சுவரில் எவ்வளவு உயரத்துக்கு ஏறுகிறது, வாடைக்காற்று சாரலை எந்த யன்னல் வரைக்கும் கொண்டுவருகிறது. இதெல்லாம் கோடையில் யாராலும் ஊகிக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரைக்குள் கொட்டிவிடும். நூறு சதுர மீற்றர் கூரை என்றால் ஒரு வருடத்தில் 120,000 லீற்றர். அவ்வளவு தண்ணீரும் தாழ்வாரத்தின் கீழே ஒரு கோட்டில் விழுந்து, அத்திவாரத்தின் ஓரத்தைத் தோண்டிக்கொண்டிருக்கும்போது மேலே என்ன நிறம் அடிப்பது என்று யோசிப்பதில் பொருள் இல்லை.

ஆகவே முதல் வேலை கூரை. எங்கள் ஓடுகளில் சில மங்களூரிலிருந்து வந்தவை. அங்கே பாசல் மிஷன்காரர் 1865 இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள், பிறகு வேறு பலரும் தொடங்கினார்கள். பார்வைக்கு எல்லா ஓடும் ஒன்றுதான். ஆனால் ஒரு சூளையின் ஓட்டு விளிம்பு மற்றச் சூளையின் ஓட்டோடு பொருந்தாது. ஒரு நூல் இடைவெளி போதும், வாடை அதற்குள்ளால் தண்ணீரை ஏற்றிவிடும். புது ஓடு வாங்கிச் செருகுவதைவிட, இடிக்கிற பழைய வீடுகளில் ஓட்டின் முதுகில் உள்ள முத்திரையைப் பார்த்து அதே ஓட்டை வாங்கி அடுக்கிவைப்பது நல்லது. கோடியில் எப்போதும் ஒரு சின்ன அடுக்கு இருக்கவேண்டும். தேங்காய் விழும், குரங்கு வரும், பந்தும் வரும். ஓட்டின் மேல் நேரே கால் வைக்கக்கூடாது, சலாகைக்குக் குறுக்கே பலகை போட்டுத்தான் ஏறவேண்டும் என்பதை ஏறுகிற பொடியனுக்கு ஒவ்வொரு முறையும் சொல்லவேண்டியிருக்கிறது.

கூரைக்குப் பிறகு பீலி, பீலிக்குப் பிறகு சுவர். சுவரில்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

1995 ஒக்ரோபர் கடைசியில் போரால் எங்கள் வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்குப் போனது. அடுத்த வருடம் திரும்பி வந்தவர்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு வீடுகளை ஒட்டினார்கள். கிடைத்தது சீமெந்து. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்: சுண்ணாம்புச் சாந்து கொட்டுண்ட கீழ்ப்பகுதி முழுக்க இடுப்பளவுக்குச் சீமெந்து பூசப்பட்டது. அந்த நேரத்தில் வேறு வழி இருக்கவில்லை. ஆனால் கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய சுவர் நிலத்தின் ஈரத்தை இழுத்து, தன் முகத்தால் வெளியே விடுகிற சுவர். முகத்தைச் சீமெந்தால் மூடினால் ஈரம் நிற்காது, மேலே ஏறும். சீமெந்து முடிகிற கோட்டுக்கு மேலே புதிதாக உப்புப் பூக்கும். உள்ளே உப்பு பளிங்காகித் தள்ளத் தள்ள, பூச்சு பெரிய பெரிய தட்டாகக் கழன்று விழும். விழுந்த இடத்துக்கு மறுபடி சீமெந்து பூசுவார்கள், ஒரு முழம் உயர்த்தி. யாழ்ப்பாணத்தின் பழைய வீடுகள் பலவற்றில் இந்தக் கோடு வருடத்துக்கு வருடம் யன்னலை நோக்கி ஏறுவதைப் பார்க்கலாம்.

எங்களுக்கு வேலை செய்கிற மேசன் சுண்ணாம்பு வேலையைத் தகப்பனிடம் பழகியவர். அவர் சொன்னது: “மாஸ்ரர், சுவர் குடிச்ச தண்ணியை அது எங்கையாலும் விடத்தான் வேணும். நீங்கள் கீழ அடைச்சால் அது மேல போகும். உடைச்சுவிட்டிட்டு ஒரு கோடை பேசாமல் இருங்கோ.”

பேசாமல் இருப்பதுதான் கடினம். வடக்குச் சுவரின் சீமெந்தைச் சின்ன உளியால் கொத்தி எடுத்து, கல்லும் இடுக்கும் தெரிய வீட்டை விட்டபோது, போகிறவர் வருகிறவர் எல்லாரும் காசு முடிந்துபோச்சோ என்று விசாரித்தார்கள். அந்தக் கோடை முழுக்க உப்பு வெளியே வந்துகொண்டிருந்தது. ஈரத்துணி போடாமல் காய்ந்த தும்பால் துடைத்தெடுக்கவேண்டும்; நனைத்தால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும்.

சுண்ணாம்பு வாங்கும்போது பையைத் திறந்து ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சுட்ட சுண்ணாம்பு புதிதாக இருந்தால் சீறிக் கொதிக்கும். பேசாமல் கிடந்தால் அது பையிலேயே காற்றைக் குடித்து மறுபடி கல்லாகிவிட்டது, வெறும் தூள். நீற்றும்போது தண்ணீருக்குள் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதே வழி. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், சுண்ணாம்பு தெறித்தால் கண் போய்விடும். நீற்றியதை வடித்துக் குழியில் விட்டு, மேலே தண்ணீர் நிற்கும்படி மூடிவைத்தால் கட்டித்தயிர் போல் இறுகும். எவ்வளவு நாள் கிடக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது. நாங்கள் ஒரு மாரி முழுக்க விட்டோம். பிறகு ஒன்றுக்கு மூன்று என்று மணல் சேர்த்துக் குழைப்பது. மணலில் உப்பு இருக்கக்கூடாது, கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். கல்லை நன்றாக நனைத்து, மெல்லிசாக ஒரு பூச்சு. அது இறுகிய பின் அடுத்தது. பங்குனி வெயிலில் பூசினால் சாக்கு நனைத்துத் தொங்கவிடவேண்டும். சுண்ணாம்பு வெயிலில் காய்ந்து இறுகுவதில்லை, காற்றிலுள்ள கரியமிலவாயுவை எடுத்து இறுகுகிறது, அதற்கு ஈரமும் நேரமும் தேவை.

வெள்ளையடிப்பதும் அப்படித்தான், தண்ணீர்மாதிரி மெல்லிசாக, பல தடவை. முதல் தடவை அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது. காயக் காயத்தான் வெண்மை வரும். கொஞ்சம் நீலம் கலந்தால் கண்ணைக் கூசாது. சுவரின் அடியில் ஒரு முழத்துக்குக் காவிப் பட்டி அடித்தோம். முன்னோர் அழகுக்காக மட்டும் அதை அடிக்கவில்லை: மாரிச் சேறு தெறிக்கிற உயரம் அது. வருடாவருடம் அந்தப் பட்டியை மட்டும் புதுப்பித்தால் போதும். மருதடி விநாயகருக்குச் சித்திரை வருடப்பிறப்பன்று தேர். அதற்கு முன் வீட்டு முன்பக்கம் வெள்ளையாகிவிடவேண்டும் என்பது எங்கள் தெருவின் பழைய வழக்கம், அதை நானும் விடவில்லை.

தெற்குச் சுவரில் சன்னம் பட்ட பள்ளங்கள் இருக்கின்றன, 1987 இல் வந்தவையும் 1995 இல் வந்தவையும். அதை அப்படியே விடச் சொல்லி வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் கேட்டார்கள். தடயம் இருக்கட்டும் என்றார்கள். சுவரின் பக்கம் நின்று நான் முடிவெடுத்தேன். பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், உள்ளே கிடக்கிற இரும்பு துருப்பிடித்துப் பருத்துக் கல்லைப் பிளக்கும். இரும்பைக் கிண்டி எடுத்து, சுண்ணாம்பால் அடைத்தோம். புதுச் சாந்து பழைய சாந்தின் நிறத்துக்கு உடனே வராது, ஆகவே அடைத்த இடமெல்லாம் வட்டமாகத் தெரிகிறது. தேடி வருகிறவர்களுக்கு அது போதும்.

முற்றம் பற்றி எனக்கும் ஊருக்கும் ஒத்துவராது. இப்போது எல்லா வீட்டு முற்றத்திலும் கல் பதிக்கிறார்கள். கூட்டிப் பெருக்க லேசு, கார் விடலாம், புல் முளைக்காது. உண்மைதான். ஆனால் குடாநாட்டில் நாம் குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லின் உள்ளே தேங்குகிற மழைத்தண்ணீரையே. ஆறு என்று சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் ஓடிக் கோடையில் வற்றிவிடும். முற்றத்தை மூடிவிட்டு, மழைத்தண்ணீரைக் குழாயால் தெருவுக்கு அனுப்பிவிட்டு, வைகாசியில் கிணறு உவர்க்கிறது என்றால் யாரிடம் முறைப்பாடு செய்வது? எங்கள் முற்றம் மண். கூரைத் தண்ணீர் விழுகிற கோட்டில் மட்டும் ஒரு ஆழமான சால் வெட்டி உடைகல் நிரப்பினோம். அது தெறிப்பைத் தடுக்கிறது, தண்ணீரை நிலத்துக்குள் இறக்குகிறது. நடந்து போகிற பாதைக்குப் பழைய கல்லைத் தனித்தனியே பதித்தோம், இடையில் மண் தெரிய.

கிணற்றடியில் செய்தது சிறிது. குளிக்கிற தண்ணீர் போகும் வாய்க்காலைச் சுத்தமாக்கி வாழைக்கு விட்டோம். பழைய மலக்குழியை மூடி, கிணற்றிலிருந்து தள்ளிப் புதிது வைத்தோம். 1848 முதல் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இருந்து, பிறகு தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த ஊர் இது. கிணற்றுக்கும் குழிக்கும் உள்ள தூரத்தைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை என்று நினைப்பீர்கள். தேவை இருக்கிறது. கீழே வெடிப்பும் பொந்துமான கல். குழியில் இறங்கியது கிணற்றுக்கு வர அதிகம் மினக்கெடாது.

வேலிக்கு வருகிறேன். பூவரசும் கிளுவையும் கதியாலாக நின்ற வேலி எங்களுடையது. கதியால் இல்லாத இடங்களில் தகரம் நின்றது. மழை தொடங்கும் நேரம் கதியால் வெட்டி நட்டால் வேர் பிடித்துவிடும், செலவு ஒன்றுமில்லை. ஆனால் கிடுகு பின்னுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். தென்னோலையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பின்னி, வரிச்சு பிடித்து, குத்தூசியால் கட்டி அடைக்க ஆள் கூலி பெரும் கூலி. அடைத்த வேலி ஒரு மாரி, மிஞ்சினால் இரண்டு. அந்தக் காலத்தில் பிரித்த ஓலை வீணாகவில்லை, தோட்டத்தில் பசளையாகத் தாழ்த்தார்கள். இப்போது தாழ்க்கத் தோட்டம் வைத்திருப்பவர் எத்தனை பேர்? ஆகவே தெருப் பக்கத்தில் மட்டும் கிடுகு, மற்றப் பக்கங்களில் கதியாலை நெருக்கி நட்டுக் கம்பி. சங்கடப்படலையின் கூரைக்கு ஓலை போட்டோம், கீழே திண்ணையையும் பூசினோம். வெயிலுக்குச் சிலர் அதில் குந்திப் போகிறார்கள், பெரும்பாலும் கைத்தொலைபேசி பார்க்க.

மிச்சம் இருப்பது மேற்குப் பக்கம். குசினியின் மேல் 1996 இல் போட்ட அஸ்பெஸ்ரஸ் தகடு அந்தப் பக்கம்தான். வெட்டவும் உடைக்கவும் தேய்க்கவும் கூடாத சாமான் அது. ஆணியைக் கழற்றி, நனைத்து, முழுத்தகடாக இறக்கவேண்டும். இறக்கிய பின் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கும் மேசனுக்கும் இன்னும் இணக்கம் வரவில்லை. அவர் மாட்டுக்கொட்டிலுக்குப் போடலாம் என்கிறார். நான் சம்மதிக்கவில்லை. அது முடியும்வரை மேற்குச் சுவரைத் தொடவேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். இந்த மாரிக்கு அந்தப் பக்கத்துப் பீலியை மட்டும் துப்புரவாக்கி, தண்ணீர் எந்த வழியால் வருகிறது என்று பார்ப்போம்.