காரில் எழுந்த ரீங்காரம்

ஒலிகளுள் இனியனவும் உண்டு, இன்னாதனவும் உண்டு. வண்டின் ரீங்காரம் சோலையில் கேட்பின் இனிது. அதுவே மோட்டார் காரினுள், பாட்டின் நடுவே, இடைவிடாது ஒலிக்குமாயின் அதனினும் இன்னாதது பிறிதில்லை. அத்தகைய ஒலியொன்று எமக்குச் சில திங்கள் துன்பம் விளைத்தது. அதன் காரணத்தைத் தேடப் புகுந்த யாம், முடிவில் எம் குற்றத்தையே கண்டெடுத்தோம். அவ்வனுபவத்தை மாணவ நண்பர்கட்கு எடுத்துரைப்பது பயனுடைத்தெனக் கருதுகின்றோம்.

எமதூர் தென்னேரி. காஞ்சிமாநகர்க்கு அணித்தாய், பரந்ததோர் ஏரியை அடுத்து அமைந்தது. வாலாஜாபாத் வழியே காஞ்சிக்குச் சென்று வருதற்பொருட்டுப் பழைய கார் ஒன்று வைத்திருக்கின்றோம். ஒரு சித்திரைத் திங்களில், எம் சிற்றப்பாவின் மகன் அதில் ஸ்டீரியோவும், பின்புறத்தில் ஆம்ப்ளிஃபயரும் பொருத்தித் தந்தான். மின்சார வேலை பழகி அப்பொழுதுதான் அவன் தனியே தொழில் தொடங்கியிருந்தான். எம் காரே அவன் ஏற்ற முதல் வேலை. பாட்டும் தெளிவாகவே ஒலித்தது.

தை பிறந்தபின் ஒருநாள் பாட்டினிடையே ரீங்காரம் எழுந்தது. நாளுக்குநாள் அது தாங்கவொண்ணாததாயிற்று. யாம் சிறிதும் ஆராய்ந்தோமில்லை. தெருவில் நால்வர் கேட்க, "அரைகுறை வேலை செய்து எம்மை ஏமாற்றினாய்" என்று அவனைக் கடிந்துரைத்தோம். "அண்ணா, ஒருமுறை பார்க்கட்டுமா?" என்று மட்டும் கேட்டான். அதற்கும் யாம் இடங்கொடுக்கவில்லை. அவனிடம் வேலை தருவதாயிருந்த இருவர், எம் சொற்கேட்டு வேறிடம் சென்றனர். சின்னாளில், அவன் தொழிலை விட்டு ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றிற்குக் கூலி வேலைக்குப் போகின்றான் என்னும் செய்தி வந்தது.

நிற்க. ஒருநாள் மாலை சிற்றப்பாவின் வீட்டிற்குச் சென்றிருந்தோம். அவர் தறியில் அமர்ந்திருந்தார். யாம் பேசிக்கொண்டிருக்கையில் பாவில் இழையொன்று அறுந்தது. அவர் நெசவை நிறுத்திச் சொன்னார்: "இழை அறுந்தால் சேலையை வைது பயனில்லை, அப்பா. சேலையில் தெரிகிற குறை சேலையில் பிறந்ததன்று. அச்சைப் பார்க்க வேண்டும். விழுதைப் பார்க்க வேண்டும். பாவுவரைக்கும் பின்னே போக வேண்டும்." இழையைக் குறித்துச் சொன்னாரோ, எம்மைக் குறித்துச் சொன்னாரோ, அறியோம். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாட்காலை, ஒலி கேட்குமிடத்தினின்று பின்னோக்கிச் செல்வதென்று துணிந்தோம். முதலில் எஞ்சினை இயக்காது பாட்டை மட்டும் ஒலிக்கச் செய்தோம். குறையொன்றும் இல்லை. எஞ்சினை இயக்கியவுடன் ரீங்காரம் எழுந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதன் சுருதி ஏறிற்று. காலை எடுத்தவுடன் இறங்கிற்று. எஞ்சினோடு ஏறியிறங்கும் ஒலி ஸ்பீக்கரில் பிறந்ததாகாது அன்றோ?

காரில் இசை கேட்க விரும்பினோர்க்கு இவ்வகை இன்னல் புதிதன்று. 1930-இல் சிகாகோ நகரத்துக் கால்வின் சகோதரர் மோட்டோரோலா என்னும் பெயரால் கார் வானொலியை விற்கத் தொடங்கிய காலத்தில், எஞ்சினின் தீப்பொறியே வானொலிக்குப் பெரும்பகையாயிருந்தது. அவ்வோசை படபடவென்று விட்டுவிட்டுக் கேட்கும். எம் காரில் எழுந்ததோ சீழ்க்கைபோல் நீண்டொலித்தது. அது ஆல்டர்னேட்டரின் அடையாளம்.

1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட மின்தூண்டல் விதியின்படி இயங்குவது இக்கருவி. எஞ்சினால் சுழற்றப்பெற்று, திசைமாறும் மின்சாரத்தைப் பிறப்பிக்கும். டயோடுகள் அதனை ஒருதிசைப்படுத்தி, 12 வோல்ட் பேட்டரிக்கு ஏறக்குறைய 14 வோல்ட் அளவில் ஊட்டும். எனினும் அம்மின்சாரம் முற்றும் சமனாவதில்லை. ஏரிநீர்மேல் சிற்றலைபோல் ஓர் அலைவு எஞ்சி நிற்கும். அவ்வலைவு பாட்டுக் கம்பியில் புகுந்தால் ரீங்காரமாகும்.

எவ்வழி புகுந்தது? ஒருநேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்த்தோம். ஆம்ப்ளிஃபயரிலிருந்து பாட்டுக் கம்பியைக் கழற்றினோம், ஒலி நின்றது. ஆதலின் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் குற்றமற்றன. அதனை மீண்டும் பூட்டி, ஸ்டீரியோவோடு இணைத்திருந்த கைப்பேசியின் சார்ஜரைப் பிடுங்கினோம். ஒலி சிறிது குறைந்ததேயன்றி நிற்கவில்லை. எஞ்சியது எர்த் ஒன்றே. கார்களில் பேட்டரியின் மைனஸ் முனை வண்டியின் இரும்புடலோடு இணைக்கப்பெற்றிருக்கும். மின்சாரம் திரும்புதற்கு அவ்வுடலே வழி. ஆம்ப்ளிஃபயரின் எர்த் அவ்வுடலைச் செவ்வனே பற்றாவிடின், திரும்பும் மின்சாரம் பாட்டுக் கம்பியின் மேலுறை வழியே செல்லும். அதனோடு ஆல்டர்னேட்டரின் அலைவும் கலக்கும். ஆம்ப்ளிஃபயர் அதனையும் பாட்டென்றே கொண்டு பெருக்கிக் காட்டும்.

எஞ்சினை நிறுத்தி, பாட்டுக் கம்பியைக் கழற்றி, எர்த் கம்பிக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் இடையே மீட்டரால் அளந்தோம். ஒரு ஓமினும் மிகக் குறைவாயிருக்க வேண்டிய தடை, சில ஓம் காட்டிற்று. பேட்டரியின் மைனஸ் கம்பியை விலக்கிவிட்டு, எர்த் போல்ட்டைக் கழற்றினோம். அதன் அடியில் பெயிண்ட்! கண்டவுடன் யாவும் நினைவிற்கு வந்தன. மழைக்காலத்தில் காரின் அடித்தகடு துருவேறியிருந்தது. பட்டறைக் கூலிக்கு அஞ்சி, தைப் பொங்கல் விடுமுறையில் யாமே அந்தப் போல்ட்டைக் கழற்றிப் பெயிண்ட் தீட்டி, அதன்மேலேயே மீண்டும் முடுக்கினோம். ரீங்காரம் அதன்பின்னரே எழுந்தது. 'கடைசியாக மாற்றியது யாது?' என்று எம்மை யாமே ஒருமுறை கேட்டிருப்பின், ஒரு நொடியில் விளங்கியிருக்கும்.

உப்புத்தாளால் தகடு பளபளக்கத் தேய்த்துப் போல்ட்டை இறுக்கினோம். எஞ்சினை இயக்கினோம். பாட்டு மட்டுமே கேட்டது. ஆயினும் எமக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை.

உடனே தம்பியிடம் சென்று, நடந்ததை மறையாது சொல்லிப் பொறுத்தருள வேண்டினோம். அவன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் வந்து காரின் மிதியடியை உயர்த்திக் காட்டினான். பேட்டரியின் தடித்த கம்பி இடப்புறமாகவும், பாட்டுக் கம்பி வலப்புறமாகவும் சென்றன. "இரண்டும் அருகருகே போனால் ஓசை புகும் என்றுதான், அண்ணா, இப்படிப் பிரித்துப் போட்டேன்" என்றான். அரைகுறை வேலை என்று யாம் பழித்த வேலை அது.

கடிந்துரைத்தது தெருவிலாதலின், தெருவிலேயே அதனைத் திரும்பப் பெறவேண்டுமென்று, அவ்விருவர் வீட்டிற்கும் சென்று எம் பிழையைக் கூறினோம். ஒருவர் தம் காரை அவனிடமே தந்தார். மற்றவர் புன்னகைத்துவிட்டுப் பேச்சை மாற்றினார். தம்பி தொழிற்சாலைக்குப் போகவில்லை. ஆனால் எம் வீட்டிற்கு முன்போல் அடிக்கடி வருவதுமில்லை.

நண்பர்களே! போல்ட்டின் அடியிலிருந்த பெயிண்டை ஒரு நாழிகையில் சுரண்டினோம். சொல்லின் கறையோ அவ்வளவு விரைவில் நீங்குவதாயில்லை. குறை தோன்றுமிடமும் அது பிறந்த இடமும் வேறாதல் கூடும். பிறரைக் குறை கூறுமுன், பின்னோக்கிச் சென்று ஆராய்வோமாக. அவ்வாராய்ச்சியை எம் கையினின்றே தொடங்குவோமாக.