கரை திரும்பும் காற்று

பாலசமுத்திரத்தில் சமுத்திரம் இல்லை. சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, பள்ளிப்பட்டுப் பக்கம் இருக்கிறது அந்த ஊர். பெரிய ஏரியைச் சமுத்திரம் என்று சொல்வது இந்த வட்டாரத்துப் பழைய வழக்கம். ஏரி வெட்டியவரின் பெருமிதமும் அதில் கொஞ்சம் கலந்திருக்கும். இங்கே பெய்யும் மழை கடலுக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் கொசஸ்தலை ஆறு பள்ளிப்பட்டுத் தரைப்பாலங்களை மூழ்கடித்துக்கொண்டு பூண்டிக்கு வந்து, பிறகு எண்ணூரில் கடலைச் சேரும். ஆரணியாறு பிச்சாட்டூர் அணையைத் தாண்டிப் பழவேற்காட்டு ஏரியில் விழும். அந்த ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில்தான் இருக்கிறது. 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது சூளூர்ப்பேட்டையும் தடாவும் நெல்லூரை விட்டுத் திருப்பதியோடு சேர்ந்தன. மலைக்குப் பேர்போன திருப்பதி அன்றிலிருந்து கடலோர மாவட்டம். கயாக் ஓட்டப் பழக வேண்டும் என்று இந்தப் பக்கத்து இளைஞர் ஒருவர் நினைத்தால், அவருக்குக் கிட்டத்தில் இருக்கும் கடலோர நீர் பழவேற்காடுதான்.

அவர் அங்கே எதை முதலில் கற்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. விளம்பரப் படங்கள் காட்டுவது முன்னே போவதை: மின்னும் நீர், இருபுறமும் அலகு வைத்த துடுப்பு, சிரித்த முகம். முன்னே போவது அப்படியொன்றும் கடினமில்லை. கையால் இழுக்காமல் இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பித் துடுப்புப் போட வேண்டும் என்ற ஒரே விஷயம் பிடிபட்டால், அரை மணி நேரத்தில் எவரும் கயாக்கை ஓரளவு நேராக ஓட்டிவிடலாம். ஆபத்தே அங்கேதான். அரை மணி நேரத்தில் போகத் தெரிந்துவிடுகிறது; திரும்பத் தெரிவதற்குப் பல மாதம் ஆகிறது. ஆகவே பாடத்தின் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் விழுவது, அடுத்து ஏறுவது, அதன்பின் திரும்பி வருவது, கடைசியில்தான் போவது. இந்த வரிசை நான் கண்டுபிடித்ததல்ல. சோழமண்டலக் கரையில் கடல் தொழில் செய்கிறவர்கள் கட்டுமரத்தில் பின்பற்றியது இதுதான்.

கட்டுமரம் என்ற சொல்லே அதன் செய்முறை. எடை குறைந்த மரத்தடிகளைச் செதுக்கி, நடுத்தடி தாழவும் ஓரத்தடிகள் உயரவும் வைத்து, முன்முனை மேல்நோக்கி வளையும்படி கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். ஆணி கிடையாது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துத் தடிகளைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவார்கள், நீர் குடித்த தடி கனத்துவிடும் என்பதால். இதன் முக்கியமான குணம் ஒன்று உண்டு: இதற்கு உள்ளே என்று ஒரு இடம் இல்லை. படகுக்கு உள் இருக்கிறது, அதில் நீர் நிறையும், நிறைந்தால் மூழ்கும். கட்டுமரத்தில் ஏறிய அலை தடிகளின் இடுக்கு வழியாகவே இறங்கிவிடுகிறது. கவிழ்ந்தால் அது தலைகீழான கட்டுமரம், அவ்வளவுதான். புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். கரையை ஒட்டி அலை உடையும் இடத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் விழ வாய்ப்பு இருந்ததால், விழுவதை விபத்தாக எண்ணாமல் தொழிலின் ஒரு வேலையாகவே எண்ணி வடிவமைத்த கலம் இது. வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூல் வழியாகச் சொல் ஆங்கிலத்துக்குப் போய், இரட்டை உடல் கொண்ட வேறொரு கலத்துக்குப் பெயராகிவிட்டது. பெயரை எடுத்துக்கொண்டவர்கள் கருத்தை எடுத்துக்கொள்ளவில்லை என்பது ஒரு வேடிக்கை.

கருத்து வேறு வழியில் வந்து சேர்ந்தது. கயாக்கின் மூலவடிவம் வட துருவத்து இனுயிட் மக்களுடையது: சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோல் போர்த்திய மூடு கலம். அந்தக் குளிர் நீரில் விழுந்தவன் நீந்திப் பிழைப்பது அரிது. எனவே கிரீன்லாந்து வேட்டைக்காரர்கள் கலத்தைவிட்டு இறங்காமலே, கவிழ்ந்த நிலையிலிருந்து துடுப்பால் நீரை அழுத்திச் சுழன்று நிமிரும் வித்தையை வளர்த்தார்கள். இன்று கடற்கரை விடுதிகளில் தொடக்கக்காரருக்குக் கொடுக்கும் கயாக் அதுவல்ல. அது மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை. 1970களில் கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகையிலிருந்து பிறந்தது. உள்ளே காற்று அடைத்த பிளாஸ்டிக் உடல், உட்காரும் பள்ளத்தில் நீர் வடிவதற்குத் துளைகள். குளிர்நாட்டுக் கலத்தைவிட அது நம் கட்டுமரத்துக்கே நெருக்கமான உறவு. வெதுவெதுப்பான கடலில் எங்கே யோசித்தாலும் மனிதர்கள் ஒரே முடிவுக்கு வருவார்கள் போலும். ஆகவே இதில் பழகுகிறவர் முதல் நாள் செய்ய வேண்டியது, இடுப்பளவு நீரில் கயாக்கைத் தானே கவிழ்த்து, புரட்டி, வயிறு படும்படி குறுக்கே ஏறிப் படுத்து, மெல்லத் திரும்பி உட்காருவது. பத்து முறை, பதினைந்து முறை. களைத்த கையோடும் ஏற முடிகிறதா என்பதுதான் கேள்வி, ஏனென்றால் கடலில் விழுவது பெரும்பாலும் களைத்த பிறகே.

ஏறத் தெரிந்தவரையும் காற்று ஏமாற்றும். இந்தக் கரையில் பின்னிரவிலிருந்து காலைவரை நிலத்துக் காற்று கடலை நோக்கி வீசும். பகல் ஏறி நிலம் சூடானதும் கடற்காற்று கரையை நோக்கித் திரும்பும். பாய் கட்டிய கட்டுமரம் இந்த இரண்டையும் வைத்தே தொழில் நடத்தியது: விடியுமுன் நிலக்காற்றில் போய், பகலில் கடற்காற்றில் திரும்பினார்கள். கயாக் கற்பிக்கும் நூல்கள் எதிர்மாறாகச் சொல்கின்றன. காற்றை எதிர்த்துப் புறப்படு, காற்றோடு திரும்பு என்பது அவற்றின் விதி. இரண்டில் எது சரி? இரண்டும் சரிதான், ஆனால் ஆள் வேறு. நிலக்காற்றில் போகும் மீனவர் பகல் காற்று தன்னைத் திருப்பிக்கொண்டுவரும் என்று பந்தயம் கட்டுகிறார். பந்தயம் தோற்கும் நாள் எது என்பதும் அவருக்குத் தெரியும். தென்மேற்குப் பருவத்தில் கச்சான் ஓங்கி அடிக்கும் நாட்களில் கடற்காற்று நேரத்துக்கு வராது, சில நாள் வரவே வராது. மேற்கு வானத்தின் நிறத்தையும் விடியற்காலைப் புழுக்கத்தையும் பார்த்து அவர் அன்று மரம் தள்ளுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார். புதியவருக்கு அந்தக் கணக்கு தெரியாது. அவருக்கு நிலக்காற்று முதுகில் தடவிக் கொடுப்பதுபோல் இருக்கும். கரையோரம் நீர் கண்ணாடிபோல் இருக்கும், ஏனென்றால் அலை எழக் காற்றுக்கு அங்கே தொலைவு போதாது. துடுப்புப் போடாமலே வேகம் வரும். தன் திறமை என்று நினைத்துக்கொள்வார். திரும்பும்போதுதான் அது காற்றின் திறமை என்று தெரியும். நீரோட்டமும் இப்படித்தான்: கரையை ஒட்டி ஆண்டில் பல மாதம் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது, வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே. புறப்பட்ட இடத்துக்கு நேர் எதிரே நிற்பதாக நினைப்பவர், ஒரு பனைமரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு கூரையையும் சேர்த்துக் குறி வைத்துப் பார்த்தால், தான் எவ்வளவு நகர்ந்திருக்கிறோம் என்று தெரிந்துவிடும். கருவி எதுவும் வேண்டாம்.

அப்படியானால் கடலை விட்டுவிட்டு ஏரிக்குள்ளேயே பழகலாமே என்று கேட்கலாம். முதல் சில வாரங்களுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது; பல இடங்களில் ஆழம் இடுப்பளவே, அங்கெல்லாம் துடுப்பைவிடக் கழி ஊன்றிப் போவதுதான் வசதி. ஆனால் ஆழமில்லாத நீர் சாதுவான நீர் அல்ல. அகன்ற இடத்தில் குறுக்களவு 15 கிலோமீட்டருக்கு மேல்; அந்தப் பரப்பில் ஓடி வரும் காற்று, குட்டையான, நெருக்கமான அலையை எழுப்பும், கடலலையைவிட அதுவே சிறு கலத்தை அதிகம் அலைக்கழிக்கும். விழுந்தால் நிற்கலாம்தான், ஆனால் கால் சேற்றில் புதையும், சிப்பிப் படுகை பாதத்தைக் கிழிக்கும்; செருப்பில்லாமல் இறங்கக் கூடாது. கிழக்கே தள்ளப்பட்டால் எதிர்ப்படுவது ஏவுதளம் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டா, அனுமதியில்லாமல் கரையேற முடியாத தீவு. முகத்துவாரத்தில் வற்றுநீர் கடலை நோக்கி இழுக்கும். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் பயணிகளை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஏரி என்ற சொல்லை நம்பி இறங்குகிறவர்கள் அந்தத் தேதியை நினைவில் வைத்திருப்பது நல்லது.

இதற்கெல்லாம் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கட்டுமரம் போய்விட்டது, 2004 சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் பைபர் படகும் மோட்டாரும்தான், காற்றை யார் பார்க்கிறார்கள் என்று சொல்வார்கள். மோட்டார் வந்ததால் காற்றறிவு மெலிந்தது உண்மை. அழிந்துவிடவில்லை, வலை எந்தப் பக்கம் இழுபடும், மீன் எந்த நீரோட்டத்தில் வரும் என்பதற்கு இன்றும் காற்றும் நீரோட்டமும் பார்த்தே ஆக வேண்டும். இன்னொரு மறுப்பு எனக்குக் கொஞ்சம் சங்கடமானது: மீனவர்கள் பலர் மிதவைச் சட்டை அணிவதில்லை, அவர்கள் எப்படி ஆசிரியராக முடியும்? சிறுவயதிலிருந்து அலையில் விளையாடி வளர்ந்த உடம்புக்கும் வலை இழுக்கும் கைக்கும் அது இடைஞ்சல் என்பது அவர்கள் தரப்பு. அந்தத் தரப்பை நான் முழுதும் ஏற்கவில்லை. சட்டை இருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் எந்தக் குப்பத்திலும் இருப்பார்கள். சட்டையை நவீனப் பயிற்சியிடமிருந்தும் காற்றைக் கரையிடமிருந்தும் கற்பதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. இந்த அறிவு ரத்தத்தில் வருவது, சொல்லித்தர முடியாதது என்ற மறுப்புக்குச் சென்னைக்குப் பக்கத்துக் கோவளமே பதில். மீனவர் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன் அங்கே அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கி, குப்பத்து இளைஞர்களே நகரத்து மாணவர்களுக்குக் கற்றுத்தரும் நிலையை உருவாக்கினார். அலை எப்போது உடையும் என்பதைச் சொல்லித்தர முடியும் என்றால், காற்று எப்போது திரும்பும் என்பதையும் முடியும்.

முடியாதது ஒன்றுதான்: இலவசமாகச் சொல்லித்தருவது. ஏரியில் எங்கே, என்றைக்கு, யார் வலை கட்டலாம் என்பதைப் பழவேற்காட்டு மீனவர்கள் பாடு முறையில் குலுக்கல் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். புதிதாக வரும் கயாக் வெறும் நீர்ப்பரப்பில் போகவில்லை, ஒருவரின் பாட்டுக்குள் போகிறது. வலைக்கம்பைத் தட்டினால் ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம் போச்சு. எனவே அங்கே பயிற்சி நடந்தால், எந்த நாளில் எந்தப் பக்கம் போகலாம் என்று முடிவு செய்வதும், அதற்கான கூலியைப் பெறுவதும் அந்த மீனவராக இருக்க வேண்டும். இன்று போக வேண்டாம் என்று அவர் சொல்லும் நாளுக்கும் கூலி உண்டு என்று வைத்தால்தான் அவரால் அதைத் தைரியமாகச் சொல்ல முடியும். கூட்டம் வந்தால்தான் காசு என்றால், எவருக்கும் வானம் தெளிவாகத்தான் தெரியும்.

தடாவுக்குப் பக்கத்தில் பீமுலவாரிப்பாளையத்தில் படகுத்துறை இருக்கிறது. பூநாரைகள் வந்திறங்கும் குளிர்காலத்தில் சூளூர்ப்பேட்டையில் விழா நடக்கும்போது அங்கே கூட்டம் சேரும். அது வாடை வீசும் பருவம். தெற்கே போவது சுகமாக இருக்கும், ஏரி திறந்துகொண்டே போகும், கையும் வலிக்காது. அந்த நாட்களில் அங்கே கயாக்கில் ஏறும் புதியவர், முகத்தில் காற்று அறைய வடக்கே துடுப்புப் போட்டுப் பார்த்து, பாதிக் களைப்பு வந்ததும் திரும்பிவிட வேண்டும். படம் எடுக்க அது தோதான திசை இல்லை.