கெலி மீனும் மூட்டையில் உள்ள எண்ணும்

கோலாலம்பூரிலிருந்து தஞ்சோங் மாலிம் போகும் ரயிலில் ஏறினால், ரவாங், பத்தாங் காலி, ராசா தாண்டியதும் கோலா குபு பாரு வந்துவிடும். கிழக்கே பிரேசர் மலைக்கு ஏறும் பாதை, மேற்கே தோட்டங்கள், ஊரை ஒட்டி சிலாங்கூர் ஆறு.

இவ்வூரின் பெயரிலேயே தண்ணீரின் கதை இருக்கிறது. 1883-இல் அணை உடைந்து பழைய ஊர் வெள்ளத்தில் அழிந்தது. பின்னரும் வெள்ளம் விடாததால் 1920களில் மேட்டுநிலத்தில் வேறு ஊர் திட்டமிட்டார்கள். 'பாரு' என்றால் புதிது என்பது நீங்கள் அறிந்ததே.

இத்தகைய தோட்டப்புறங்களில், வீட்டுக் கொல்லையில் சிறு தொட்டி கட்டிக் கெலி மீன் வளர்த்து நாலு காசு பார்க்க நினைப்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் தேளி என்பார்களே, அந்த இனம்தான். குளங்களில் அதிகம் இருப்பது 1980களில் மலேசியாவுக்கு வந்த ஆப்பிரிக்கக் கெலி. நீர்மட்டத்துக்கு வந்து காற்றைச் சுவாசிப்பதால் கலங்கிய குட்டையிலும் பிழைத்துக்கொள்ளும்.

"கெலிக்கு எதைப் போட்டாலும் தின்னும்" என்பார்கள். தின்னும், உண்மைதான். தின்றதெல்லாம் சதையாகுமா? மீன் வளர்ப்புச் செலவில் பாதிக்கு மேல் தீனிக்கே போகிறது. ஆகவே அங்கேதான் கவனம் வேண்டும்.

தீனி மூட்டையில் 'புரோட்டின் காசார்' என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். நூற்றுக்கு எவ்வளவு புரதம் என்பதே அது. விலையைப் பார்க்குமுன் அதைப் பாருங்கள். பொடிக் குஞ்சுக்கு 40-க்கு மேல் வேண்டும். விரல் நீளக் குஞ்சுக்கு 35 முதல் 40. வளர்ந்த மீனுக்கு 28 முதல் 32 போதும்.

வெறும் தவிடும் செம்பனை விதைப் பிண்ணாக்கும் போட்டால் வயிறு நிரம்பும், உடம்பு ஏறாது. பசித்த பெரிய குஞ்சு சிறியதைக் கடித்துத் தின்றுவிடும்.

அதற்காக விலையுயர்ந்த குஞ்சுத் தீனியையே கடைசிவரை போடலாமா? அதுவும் நஷ்டமே. மிஞ்சிய புரதத்தை மீன் சதையாக்காமல் எரித்துவிட்டு, கழிவை அம்மோனியாவாக நீரில் விடும். நீர் கெடும். அதை ஓடையில் திறந்துவிட்டால் சிலாங்கூர் ஆற்றில் போய்ச் சேரும். கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பகுதி அந்த ஆற்றிலிருந்துதான் வருகிறது.

வீட்டில் கலக்க விரும்புவோருக்கு ஒரு கணக்கு. மீன் தூளில் புரதம் சுமார் 60; நல்ல தவிட்டில் சுமார் 12. நமக்கு வேண்டியது 32. 32-இல் 12 போனால் 20. அது மீன் தூளின் பங்கு. 60-இல் 32 போனால் 28. அது தவிட்டின் பங்கு. அதாவது, 5 கிலோ மீன் தூளுக்கு 7 கிலோ தவிடு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்தால் நொடியில் சரிபார்த்துச் சொல்லும். ஒட்டுவதற்கு மரவள்ளி மாவைக் கொஞ்சமாகவே சேருங்கள். அது கூடினால் புரத எண் இறங்கிவிடும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்து மீனைப் பிடித்து நிறுத்துப் பாருங்கள். ஒன்றரைக் கிலோ தீனிக்கு ஒரு கிலோ எடை ஏறினால் நல்லது. அதற்கு மேல் தீனி செலவானால், மறுமூட்டை வாங்குமுன் மீன்வள இலாகா அதிகாரியிடம் கேளுங்கள். உழைத்துச் சேர்த்த வெள்ளி தண்ணீரில் கரையக்கூடாது.