ஷட்டரின் கீழே தெரிந்த வெளிச்சம்

எங்கள் வீட்டுக் கார் ஷெட்டின் ஷட்டரை முழுவதும் இறக்கிய பின்னும், இடது மூலை தரையைத் தொட்டு நிற்க, வலது மூலையில் மட்டும் இரண்டு விரற்கடை வெளிச்சம் தெரிவதைக் கண்டு, தோஷம் ஷட்டரிலேதான் என்று பல நாள் நம்பியிருந்தேன். ஸ்பிரிங்கை முறுக்கினால் சரியாகும் என்பது பழுது பார்க்க வந்தவரின் அபிப்பிராயம். ஆனால் கொத்தனார் ரசமட்டத்தை ஷட்டரின் அடிப்பட்டையில் வைத்தபோது குமிழி நடுவிலேயே நின்றதும், தரையில் வைத்தபோது இடப்புறம் ஓடியதும் உண்மையைப் பிரத்தியட்சமாக்கின: மொட்டைமாடிக் குழாயின் மழைநீர் வருஷக்கணக்காக வலது மூலையிலேயே விழுந்து, அடிமண்ணை அரித்து, தளத்தை அமிழ்த்தியிருந்தது. அடிப்பட்டையே சாய்ந்திருந்தால்தான் ஷட்டரைச் சந்தேகிக்க வேண்டும். இறுகிச் சுருண்ட ஸ்பிரிங்கோ, பழக்கமில்லாதவர் கைபட்டால் எலும்பை முறிக்கும் வேகத்தோடு விரியக்கூடியது. அதைத் தொடுமுன், நண்பர்களே, தயவுசெய்து ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள்.