"இவ்ளோ குண்டையும் யாரு ஏத்திட்டு வந்தது?" - அப்பாவும் நானும் 'பேட்டில்ஃபீல்ட் 6' பீட்டாவும்!

ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை, 16 கிருஷ்ண ஜெயந்தி, 17 ஞாயிறு. மூன்று நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்ததும் சென்னையிலிருந்து குடியாத்தத்துக்கு பஸ் ஏறிவிட்டேன். லீவு என்றாலும் கையில் ஒரு வேலை இருந்தது. 'பேட்டில்ஃபீல்ட் 6' கேமின் ஓப்பன் பீட்டாவை விளையாடிப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டும். என் லேப்டாப் அதற்கெல்லாம் தாங்காது. தம்பியிடம் கேமிங் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆக, அம்மாவின் சீடைக்கும் தம்பியின் கம்ப்யூட்டருக்கும் சேர்த்துதான் அந்தப் பயணம்.

பீட்டா என்றால் வெள்ளோட்டம். கேம் விற்பனைக்கு வருவதற்கு முன் எல்லோரையும் இலவசமாக விளையாடவிட்டு, சர்வர் தாங்குகிறதா, எந்தத் துப்பாக்கி அளவுக்கு மீறி அடிக்கிறது என்றெல்லாம் பார்ப்பார்கள். இந்த கேமுக்கு ஆகஸ்ட்டில் இரண்டு வார இறுதிகளை ஒதுக்கியிருந்தார்கள். முதல் வார இறுதியிலேயே ஸ்டீம் தளத்தில் மட்டும் ஒரே நேரத்தில் 5 லட்சம் பேருக்கு மேல் விளையாடியிருக்கிறார்கள்.

இவ்வளவு கூட்டத்துக்குக் காரணம் உண்டு. ஸ்வீடனின் டைஸ் நிறுவனம் 2002-ல் 'பேட்டில்ஃபீல்ட் 1942' மூலம் தொடங்கிய வரிசை இது. பெரிய மைதானம், டாங்கி, விமானம், கூட்டமாகப் போர் என்பதுதான் இதன் அடையாளம். 2021-ல் வந்த '2042' கேமில் 128 பேர் வரை ஒரே மேட்ச்சில் மோதலாம் என்றார்கள். ஆனால், பழைய வீரர் பிரிவுகளைத் தூக்கிவிட்டதில் ரசிகர்கள் நொந்துபோனார்கள். விட்ட பெயரை மீட்க வந்திருக்கிறது இந்த 6.

உள்ளே நுழையவே ஒரு படி தாண்ட வேண்டும். கள்ள ஆட்டக்காரர்களைத் தடுக்க, கம்ப்யூட்டரில் 'செக்யூர் பூட்' வசதி ஆனில் இருந்தால்தான் கேம் திறக்கும். தம்பி போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அதை ஆன் செய்வதற்குள் நான் அரை டப்பா சீடையைக் காலி செய்துவிட்டேன்.

முதல் மேட்ச் கெய்ரோ தெருக்களில். பக்கத்துக்கு 32 பேர். ஐந்து நிமிடத்தில் ஏழு முறை செத்தேன். எங்கிருந்து சுடுகிறார்கள் என்றே தெரியவில்லை. ஒரு சுவருக்குப் பின்னால் பதுங்கினால், டாங்கி வந்து சுவரையே தூள் தூளாக்கிவிட்டது. ஹெட்போனில் அந்தச் சத்தம் கேட்டபோது நிஜமாகவே தோளைக் குறுக்கிக்கொண்டேன். இந்த கேமின் பெரிய பலம் இந்த இடிபாடும் சத்தமும்தான்.

எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், அடிபட்டு விழுந்தவரை அப்படியே தரையில் இழுத்துக்கொண்டு போய், மறைவான இடத்தில் வைத்து எழுப்பலாம். குறை என்றால், சில மைதானங்கள் சின்னதாக இருக்கின்றன. மூச்சுவிட நேரமில்லை. ஓடுகிற வேகத்தில் சறுக்கி, எகிறிக் குதித்துச் சுடுகிற ஆட்களிடம் என்னைப்போன்ற புது ஆட்கள் தப்பிப்பது கஷ்டம்.

சாயங்காலம் 'லிபரேஷன் பீக்' மைதானம் வந்தது. தஜிகிஸ்தான் மலைகள். செங்குத்தான பாறை, மேலே ஹெலிகாப்டர், கீழே வளைந்து போகும் மண் ரோடு. டீ டம்ளரோடு உள்ளே வந்த அப்பா, போகாமல் அங்கேயே நின்றுவிட்டார்.

அப்பா ராணுவத்தில் இருந்தவர். ஆர்மி சர்வீஸ் கோரில் லாரி டிரைவர். துப்பாக்கி பிடித்த கதையைவிட, ஸ்டியரிங் பிடித்த கதைதான் அதிகம் இருக்க வேண்டும். ஆனால், எந்தக் கதையையும் அவர் சொன்னதில்லை.

"இவ்ளோ சுடுறானுங்களே பாப்பா, இந்தக் குண்டெல்லாம் யாரு ஏத்திட்டு வந்தது?"

'சப்போர்ட்' என்று ஒரு பிரிவு இருக்கிறது, அவர் ஒரு பையைக் கீழே போட்டால் எல்லோருக்கும் குண்டு கிடைக்கும் என்றேன்.

"அந்தப் பைக்கு?"

"அது தானா ரொம்பிடும்ப்பா."

அப்பா சிரித்துவிட்டார். "தானா ரொம்புமா? அப்போ நாங்கெல்லாம் இன்னாத்துக்கு?"

அந்தச் சிரிப்போடு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். 1999-ல் கார்கில் சமயம். ஸ்ரீநகரிலிருந்து சோஜிலா கணவாய் தாண்டி, திராஸ் பக்கம் லோடு கொண்டு போக வேண்டும். மேலே மலையில் உட்கார்ந்திருப்பவனுக்கு ரோடு தெளிவாகத் தெரியும். அதனால் ராத்திரியில், ஹெட்லைட் போடாமல்தான் ஓட்டுவார்களாம்.

"இருட்டுல எப்படிப்பா?"

"முன்னாடி போற வண்டிக்கு அடியில, டிஃபரென்ஷியல்ல வெள்ளை பெயின்ட் அடிச்சிருக்கும். அதுமேல படுற மாதிரி சின்னதா ஒரு லைட்டு. அந்த வெள்ளையைப் பார்த்துக்கினே போவணும். வேற எதுவும் தெரியாது."

கொஞ்சம் நிறுத்தி, "ஒருநாள் அந்த வெள்ளையைக் காணோம்" என்றார்.

தம்பி திரும்பிப் பார்த்தான். வாசலில் அம்மா நின்றிருந்தார். அப்பா அதற்குமேல் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நான் பிறந்தது அந்த வருடம் ஜூன் மாதம். அப்பா என்னை முதலில் பார்த்தது நவம்பரில். அந்த ஐந்து மாதத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பேசிக் கேட்டது அன்றைக்குத்தான்.

திரையில் நான் எப்போதோ செத்துப் போயிருந்தேன். மறுபடியும் களத்தில் இறங்க பட்டனை அழுத்தச் சொன்னது. ஏனோ கை கூசியது. "அழுத்து பாப்பா, விளையாட்டுதானே" என்றார் அப்பாவே.

இந்த முறை 'சப்போர்ட்' பிரிவைத் தேர்ந்தெடுத்தேன். அப்பா பக்கத்திலிருந்து, "அதோ ஒருத்தன் விழுந்து கெடக்கான், இழு இழு", "பையை அங்க போடாத, பாறைக்குப் பின்னாடி போடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த மேட்ச்சில் நான் சுட்டது இரண்டே பேரைத்தான். எழுப்பியது 14 பேரை. எங்கள் அணியின் புள்ளிப் பட்டியலில் மூன்றாவது இடம் கிடைத்தது. சுடத் தெரியாதவருக்கும் இந்த கேமில் உருப்படியான வேலை இருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இது 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான கேம். வீட்டில் பிள்ளைகள் கேட்டு அடம்பிடித்தால், முதலில் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் நீங்கள் பாருங்கள். கேம் ஆடும் பெரிய பிள்ளைகளிடமும் ஒன்று சொல்ல ஆசை. வீட்டில் யாராவது பின்னால் வந்து நின்றால், ஒருமுறை ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையோடு பீட்டா முடிந்தது. முழு கேம் 2025 அக்டோபர் 10-ம் தேதிதான் வந்தது. பஸ் ஸ்டாண்டில் பையை எடுத்துக் கொடுக்கும்போது அப்பா கேட்டார்: "அந்த கேம் வந்தா சொல்லு. லோடு லாரி வெச்சிருக்கானான்னு பார்க்கணும்."