அசட்டுப் பட்டம்

'சில்லி' என்ற ஆங்கிலச் சொல்லை இன்று அசட்டுத்தனத்துக்குத்தான் சொல்லுகிறோம். அது பிறந்த குலம் வேறு. ஆயிரம் வருஷங்களுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச் சொல்லுக்கு பாக்கியசாலி, கடவுளின் அருள் பெற்றவர் என்று பொருள். அதன் ஜெர்மானியச் சகோதரியான 'ஸேலிக்' இன்றும் அந்தப் பெருமையோடுதான் இருக்கிறாள்.

இங்கிலாந்தில் சொல்லின் கதை மாறிப் போயிற்று. அருள் பெற்றவர் கபடமற்றவரானார்; கபடமற்றவர் பரிதாபத்துக்கு உரியவரானார்; 16-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அவரே அசடாகவும் ஆகிவிட்டார்!

இதில் சொல்லைக் குற்றம் சொல்லி என்ன பயன்? சூது அறியாத மனிதரை ஊரார் எப்படி மதித்தார்களோ, அந்த மதிப்புத்தான் மெல்ல மெல்லச் சொல்லின் மேலும் ஏறியது.

நாம் மட்டும் என்ன? "பாவம், ரொம்ப நல்ல மனுஷர்" என்று ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது நம் குரல் எப்படி இறங்குகிறது என்று கவனித்துப் பாருங்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கடன் கொடுத்துவிட்டு, திருப்பிக் கேட்க வாய் கூசிய என் பெரியம்மாவுக்கு வீட்டில் எல்லோருமாகக் கொடுத்த பட்டம், அசடு. வாங்கிக்கொண்டு போனவர்களுக்கு யாரும் ஒரு பட்டமும் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.